இரண்டாவது மானிட்டர் மாட்டி நான் பட்ட பாடு

போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் 27 இஞ்ச் மானிட்டர் ஒன்று வாங்கினேன். வாங்கிய சந்தோஷம் ஒன்றரை நாள் இருந்திருக்கும். அதற்கப்புறம் பதினோரு நாள் தூங்கியது கொஞ்சம், அழுதது நிறைய. கம்ப்யூட்டர் கோளாறுக்கெல்லாம் அழுவார்களா என்று கேட்கலாம். ஆவணி முகூர்த்த ஆல்பங்கள் வரிசையில் நிற்கும்போது திரை கறுத்துப்போனால் அழுகை வரத்தான் செய்யும். இதைப் பற்றி யாராவது தமிழில் எழுதியிருக்க மாட்டார்களா என்று அந்த நாட்களில் ராத்திரி ராத்திரியாகத் தேடினேன். கிடைத்ததெல்லாம் கேம் விளையாடுகிற பையன்களுக்கான வீடியோக்கள்தான். அதனால்தான் இப்போது நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். மூன்று ஸ்டுடியோக்காரர்கள் படங்களை ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றை 12க்கு 36 இஞ்ச் ஷீட்டாக அடுக்கி, முகத்தில் வழிகிற எண்ணெயைத் துடைத்து, கலர் பார்த்து, மதுரையில் இருக்கிற லேபுக்கு அனுப்ப வேண்டும். ஷீட்டுக்கு 90 ரூபாய். ஒரு ஷீட்டின் கனம் எவ்வளவு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 300 டிபிஐயில், அதாவது ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 12க்கு 36 என்றால் 3,600க்கு 10,800 பிக்சல். அதாவது 3 கோடியே 88 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற படத் தாளைத்தான் லேயர் என்பார்கள்; முழு அளவு லேயர் ஒன்றே 110 எம்பிக்கு மேல் பிடிக்கும். மாலை மாற்றுகிற படம், பின்னால் மங்கலாகக் கோபுரம், ஓரத்தில் பூ, நடுவில் பெயர் என்று இருபது முப்பது லேயர் ஏறிவிட்டால் சாதாரணக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். அதற்காகத்தான் இரண்டு வருஷம் முன்னால் சிஸ்டம் போடும்போதே நகைச்சீட்டுப் பணத்தில், படத்தைத் திரையில் வரைகிற வேலைக்கென்றே தனியாக இருக்கிற 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு ஒன்றையும் சேர்த்துப் போட்டேன். பிராசசர் ஐ5 பத்தாம் தலைமுறை, ரேம் 16 ஜிபி. ஒற்றை 22 இஞ்ச் மானிட்டரில் இரண்டு வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது.

புது மானிட்டர் வந்த அன்று மாட்டிக்கொடுக்க ஒரு தம்பி வந்தான். கெட்டிக்காரப் பையன்தான், அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் கார்டின் பின்பக்கம் மூன்று வாய்கள் இருந்தன: எச்டிஎம்ஐ ஒன்று, டிவிஐ ஒன்று, டிஸ்பிளே போர்ட் ஒன்று. பழைய மானிட்டர் அதுவரை அந்த எச்டிஎம்ஐயில் இருந்தது. புது மானிட்டரோடு வந்ததும் எச்டிஎம்ஐ கேபிள்தான். பெரிய மானிட்டருக்கு நல்ல இடம் என்று தம்பி அதைக் கார்டில் செருகினான். பழையதற்கு என்ன செய்வது? பையிலிருந்து இரண்டு முனையும் நீலமாக இருக்கிற பழைய விஜிஏ கேபிள் ஒன்றை எடுத்தான். கார்டில் விஜிஏ கிடையாது. ஆனால் பெட்டியின் பின்பக்கம் கொஞ்சம் மேலே, கீபோர்டு மவுஸ் செருகுகிற வரிசையில், எல்லாப் பாகங்களையும் இணைக்கிற தாய்ப்பலகையான மதர்போர்டிலேயே நீல நிறத்தில் ஒரு விஜிஏ வாய் இருந்தது. அதில் செருகித் திருகாணியை முடுக்கினான். மானிட்டரில் நோ சிக்னல் என்று வந்தது. சிஸ்டத்தை அணைத்துப் போட்டு, டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே, விண்டோஸ் எழுவதற்கு முன்னால் வருகிற அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போனான். எதையோ தேடி மாற்றி சேவ் செய்துவிட்டு வெளியே வந்தான். பழைய மானிட்டரும் உயிர் பெற்றது. “வந்துருச்சுக்கா” என்றான். காபி கொடுத்து 200 ரூபாயும் கொடுத்து அனுப்பினேன். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் சொர்க்கம். பெரிய திரையில் ஷீட், சின்னத் திரையில் லேயர் பட்டியல், கலர் கட்டங்கள், மொத்தப் படங்களின் சிறு உருவங்கள். ஷீட்டை மறைத்துக்கொண்டு நிற்கிற பெட்டிகள் எதுவும் இல்லை. அன்றைக்கு மட்டும் 14 ஷீட் முடித்தேன். மறுநாள் மத்தியானம், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அனுப்பிய இன்னொரு படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று திறந்திருந்த ஷீட்டையே இழுத்துச் சின்ன மானிட்டரில் விட்டேன். படம் போய்ச் சேர்ந்தது, ஆனால் கறுப்பாக. சுற்றிலும் பட்டன், மெனு எல்லாம் சரியாக இருக்கின்றன, நடுவில் ஷீட் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கரிப்பலகை. மவுஸை உருட்டினால் ஒரு நொடி படம் தெரியும், மறுபடி கறுக்கும். திரும்பப் பெரிய மானிட்டருக்கு இழுத்தேன். வந்தது. ஆனால் பிரஷ் எடுத்து இழுத்தால் கோடு என் கைக்கு ஒரு விரற்கடை பின்னால் வந்தது. கிராபிக்ஸ் பிராசசரில் கோளாறு, அதன் உதவியைத் தற்காலிகமாக நிறுத்துகிறேன் என்கிற மாதிரி போட்டோ எடிட்டிங் மென்பொருளே ஒரு பெட்டி போட்டது. ஓகே கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் இரண்டு திரையும் ஒரேயடியாகக் கறுத்து, இரண்டு மூன்று நொடியில் திரும்பி வந்தன. வந்தபோது மென்பொருள் மூடியிருந்தது. சேவ் செய்யாத மூன்று ஷீட் போய்விட்டது.

இங்கே ஒரு வார்த்தை. சந்தேகம் வந்த அன்றைக்கே தானாகச் சேவ் ஆகிற இடைவெளியை 5 நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள். என்னுடையது முப்பது நிமிடத்தில் கிடந்தது.

தம்பிக்கு போன் போட்டேன். “ரேம் பத்தலக்கா, ரெண்டு மானிட்டர்னா இழுக்கும்” என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 2,100 ரூபாய் கொடுத்து 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டோம், வந்து போட்டதற்கு 300 தனி. ஒரு மாற்றமும் இல்லை. ரேம் பற்றாக்குறை என்றால் எல்லாமே மெதுவாகும், டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்கும். ஷீட் மட்டும் கறுப்பாகிச் சுற்றியுள்ள மெனு பளிச்சென்று இருப்பதற்கும் ரேமுக்கும் சம்பந்தமில்லை. படத்தைத் தீட்டிக் காட்டுகிற வேலையைக் கிராபிக்ஸ் கார்டிடம் விட்டுவிட்டு, மெனுவைச் சாதாரண வழியில் வரைகிறது மென்பொருள். கறுப்பு எங்கே விழுகிறது என்று பார்த்தாலே யாருடைய பக்கம் கோளாறு என்று தெரிந்துவிடும். அன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு ஆளில்லை.

நான்காம் நாள் பெட்டியை ஸ்கூட்டியின் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தி, முழங்காலால் அணைத்துக்கொண்டு கடைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் மேஜையில் இருந்த மானிட்டரைக் கார்டில் மாட்டி, என்னுடைய ஷீட்டையே திறந்து காட்டச் சொன்னார்கள். வெண்ணெய் மாதிரி ஓடியது. பெரிதாக்கினேன், சுழற்றினேன், பிரஷ் இழுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. பல்வலிக்கு டாக்டரிடம் போனதும் வலி நின்றுவிடுகிற கதைதான். “உங்க வீட்டு கரண்ட்ல பிரச்சனை இருக்கும்மா” என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து மாட்டினேன், கால் மணி நேரத்தில் கரிப்பலகை. மறுநாள் திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே திரும்பவும் நன்றாக ஓடியது. மாமியார் வாசலில் நின்று, “பெட்டிக்கு நம்ம வீடு பிடிக்கல போல” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்று பின்னால் புரிந்தது. கடைக்கும் வீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த நிமிடமே ஒரு தாளில் எழுதியிருந்தால் ஆறு நாள் மிச்சம். கடையில் மானிட்டர் ஒன்று, வீட்டில் இரண்டு. அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. பெட்டியைத்தானே கொண்டுபோகிறோம், கோளாறு பெட்டிக்குள்தானே இருக்கும் என்கிற நினைப்பு. சர்வீஸுக்குக் கொண்டுபோகிறவர்கள் இரண்டு மானிட்டரையும், வீட்டில் எப்படி மாட்டியிருக்கிறதோ அதே கேபிள்களோடு கொண்டுபோங்கள். தூக்க முடியாது என்றால் அழைத்துவந்து வீட்டிலேயே காட்டுங்கள். குறைந்தபட்சம் பெட்டியின் பின்பக்கத்தைக் கேபிள் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃபார்மட். இரண்டாவது தடவை கொண்டுபோனபோதே கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார், 700 ரூபாய். டி டிரைவில் இருந்த படங்கள் தப்பித்தன. சி டிரைவில் இருந்தது போனது. பிரஷ்கள், நான் பதிவு செய்து வைத்திருந்த ஆக்‌ஷன்கள், எல்லாவற்றுக்கும் மேலாக எழுத்துருக்கள். யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருக்களைப் பத்து வருஷமாக ஒவ்வொருவரிடமாகக் கேட்டு வாங்கிச் சேர்த்திருந்தேன். பத்திரிகையில் இருக்கிற அதே வளைவில் பெண் மாப்பிள்ளை பெயர் வேண்டும் என்பார்கள், அதற்கு அவைதான் கைகொடுக்கும். இன்னும் முழுதாகச் சேர்க்க முடியவில்லை. ஃபார்மட் என்ற வார்த்தையை யாராவது உச்சரித்தால் முதலில் எழுத்துரு ஃபோல்டரைப் பென்டிரைவில் போடுங்கள். அப்புறம் பேசலாம்.

கொடுமை என்னவென்றால், ஃபார்மட் செய்ததும் சரியாகிவிட்டது போலவே இருந்தது. அன்று மேஜையில் எல்லாம் இறைந்து கிடந்ததால் பெரிய மானிட்டரை மட்டும் மாட்டி எழுத்துரு ஏற்றிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வரை ஒரு மினுக்கல் இல்லை. சாமிக்கு விளக்கேற்றி, ராத்திரி எட்டு மணிக்குச் சின்ன மானிட்டரையும் மாட்டினேன். எட்டே முக்காலுக்கு இரண்டும் கறுத்தன.

இதற்குப் பிறகு நானே களத்தில் இறங்கினேன். டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கிற மென்பொருள்தான் காரணம் என்று எல்லா வீடியோவும் சொன்னது. கார்டின் டிரைவரைப் புதுப்பித்தேன், பழையதற்கு இறங்கினேன், பிறகு டிடியு என்கிற சின்னக் கருவியை இறக்கி, சேஃப் மோடில் போய்ப் பழைய டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். இது கெட்ட வேலை இல்லை. கார்டு மாற்றியவர்களுக்கும், பழைய டிரைவர் மேலேயே புதிதைப் போட்டுப் போட்டு வந்தவர்களுக்கும் இதுவே தீர்வாக இருக்கலாம். கேமுக்கு ஒன்று, எடிட்டிங் மாதிரி வேலைக்கு ஒன்று என்று சில கார்டுகளுக்கு இரண்டு வகை டிரைவர் கிடைக்கும். எடிட்டிங் ஆட்கள் ஸ்டுடியோ வகையைப் போடுவது நல்லது, அது நிதானமாக, சோதித்து வெளிவருவது. நானும் அதைத்தான் போட்டேன். ஆனால் எனக்கு இருந்த நோய்க்கு அது மருந்தில்லை.

ஒரு வீடியோவில், விண்டோஸ் தன் உள் அமைப்புகளை எழுதிவைக்கிற ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றச் சொன்னார்கள். கிராபிக்ஸ் டிரைவர் 2 நொடிக்குள் பதில் சொல்லவில்லை என்றால் விண்டோஸ் அதை உதறி எழுப்பும். திரை கறுத்துத் திரும்புவது அந்த உதறல்தான். அந்த 2 நொடியைப் பத்தாக்கினால் உதறாது என்பது அவர் வாதம். மாற்றினேன். முன்பு இரண்டு நொடி உறைந்த திரை இப்போது பத்து நொடி உறைந்தது. காய்ச்சல் தெரியக்கூடாது என்று தெர்மாமீட்டரை மறைத்துவைத்த மாதிரி. திரும்பப் பழையபடி ஆக்கினேன். ஆனால் அந்த வீடியோவால் ஒரு நன்மை: ஈவென்ட் வியூவர் என்று ஒன்று விண்டோஸில் இருப்பது தெரிந்தது. அதில் சிஸ்டம் பதிவுகளில் டிஸ்பிளே என்ற பெயரில் 4101 என்ற எண்ணோடு வரிகள் இருந்தன. டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டது என்பது அதன் பொருள். நேரத்தைப் பார்த்தேன், ஒவ்வொன்றும் திரை கறுத்த நேரம். இதைவிட முக்கியமான ஒன்று அந்த வரிகளிலேயே இருந்தது. சிலவற்றில் ஒரு டிரைவரின் பெயர், சிலவற்றில் வேறு டிரைவரின் பெயர். என் கார்டு ஒன்றுதானே, டிரைவர் எப்படி இரண்டு? கேள்வி வந்தது, ஆனால் மணி ஒன்றரை ஆகியிருந்தது. படுத்துவிட்டேன்.

இதற்கிடையில் ஸ்டுடியோ அண்ணன் போன்மேல் போன். “என்னம்மா, பொண்ணு வீட்ல இருந்து நேர்லயே வந்து உக்காந்துட்டாங்க” என்றார். அவரை ஏமாற்ற மனமில்லாமல், மென்பொருளின் விருப்பங்களில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், கிராபிக்ஸ் பிராசசரைப் பயன்படுத்து என்ற டிக்கையே எடுத்துவிட்டு மூடித் திறந்தேன். கறுப்பு நின்றது. வேகமும் நின்றது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக வந்தது, தாளைத் திருப்புவது மாதிரி ஷீட்டைச் சுழற்றிப் பார்க்கிற வசதி மறைந்துவிட்டது. பன்னிரண்டு ஷீட் போட்ட நாளில் ஐந்து ஷீட். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து அந்த ஒரு ஆல்பத்தை லேபுக்கு அனுப்பினேன். தவணை நெருக்கும்போது இது நல்ல ஊன்றுகோல், தயங்காமல் செய்யுங்கள். சோதனையாகவும் உதவும்: டிக்கை எடுத்ததும் கோளாறு நின்றால், அது கிராபிக்ஸ் சம்பந்தப்பட்டதுதான் என்று உறுதியாகிவிடும். நான் இதை முதல் நாளே செய்திருந்தால் ரேம் வாங்கியிருக்க மாட்டேன். இரண்டாவது ஆல்பத்தை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. 40 ஷீட், ஸ்டுடியோக்காரர் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

பத்தாம் நாள் ராத்திரி. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனேன், ரேம் எவ்வளவு தின்கிறது என்று பார்க்க. இடது ஓரத்தில் கீழே தள்ளினால் ஜிபியு 0 என்று ஒன்று, ஜிபியு 1 என்று ஒன்று. ஜிபியு என்றால் கிராபிக்ஸ் பிராசசர். அந்த இரண்டு டிரைவர் பெயர்களும் சட்டென்று ஞாபகம் வந்தன. ஷீட்டைப் பெரிய மானிட்டரில் வைத்து மவுஸை உருட்டினேன், ஜிபியு 1 கோடு எழுந்தது. ஷீட்டை மெல்ல இழுத்துச் சின்ன மானிட்டரில் பாதி வைத்தேன். அதுவரை தரையோடு தரையாகப் படுத்திருந்த ஜிபியு 0 கோடும் சரசரவென்று ஏறியது. திரும்ப இழுத்தேன், படுத்தது. பத்துத் தடவை செய்து பார்த்திருப்பேன். பிறகு செட்டிங்ஸில் டிஸ்பிளேவுக்குள் அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்ற இடத்தில் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு மானிட்டரும் எதோடு இணைந்திருக்கிறது என்று விண்டோஸே எழுதிவைத்திருக்கிறது. பெரியது என் கார்டோடு. சின்னது பிராசசருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸோடு. டார்ச் அடித்து மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். மேலே மதர்போர்டில் நீலக் கேபிள், கீழே கார்டில் கறுப்புக் கேபிள். தம்பி திருகாணி முடுக்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நிறைய பிராசசர்களுக்குள் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கும். மதர்போர்டில் இருக்கிற விஜிஏ, எச்டிஎம்ஐ வாய்கள் அதற்குத்தான். தனிக் கார்டு போட்டால் பல மதர்போர்டுகள் அந்தச் சின்னதைத் தாமாகவே தூங்கவைத்துவிடும். அதனால்தான் முதலில் நோ சிக்னல் வந்தது. தம்பி பயாஸில் போய் மாற்றியது அதை எழுப்பிவிடுகிற அமைப்பை. என் போர்டில் அதன் பெயர் ஐஜிபியு மல்டி மானிட்டர். எழுப்பியதும் ஒரு சிஸ்டத்தில் இரண்டு கிராபிக்ஸ், இரண்டு டிரைவர். கணக்குப் போடுவது, பிரவுசர் பார்ப்பது மாதிரி வேலைக்கு இது ஒன்றும் செய்யாது. போட்டோ எடிட்டிங் மென்பொருள் திறக்கும்போதே ஒரு கிராபிக்ஸைத் தேர்ந்தெடுத்து, ஷீட்டை அதன் நினைவகத்தில் ஏற்றிவிடுகிறது. அந்த ஷீட் மற்றதன் கையில் இருக்கிற மானிட்டரில் தெரிய வேண்டும் என்றால், ஒவ்வொரு அசைவுக்கும் படம் கார்டிலிருந்து வெளியே வந்து ரேம் வழியாக அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். ஒரே பந்திக்கு இரண்டு சமையல்காரரை வைத்த கதை. சாம்பார் ஒருவர் அடுப்பில் கொதிக்கிறது, வாளி மற்றவர் கையில் இருக்கிறது, பந்தியில் சாதம் ஆறுகிறது. யாராவது ஒருவர் 2 நொடி திகைத்து நின்றாலும் விண்டோஸ் உதறுகிறது, உதறலில் கார்டில் ஏற்றிவைத்த ஷீட் காணாமல் போகிறது.

தீர்வு இரண்டு மானிட்டரையும் ஒரே கார்டில் மாட்டுவது. என் கார்டில் டிஸ்பிளே போர்ட் சும்மா கிடந்தது, பழைய மானிட்டரில் எச்டிஎம்ஐ இருந்தது. ஒரு முனை டிஸ்பிளே போர்ட்டும் மறுமுனை எச்டிஎம்ஐயுமாக ஒரு கேபிள், 450 ரூபாய். இதை வாங்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழப்பார்த்தேன். இந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. டிஸ்பிளே போர்ட் முனை கம்ப்யூட்டரிலும் எச்டிஎம்ஐ முனை மானிட்டரிலும் போக வேண்டும். பார்ப்பதற்கு அச்சாக இதே மாதிரி இருந்து, எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்பிளே போர்ட்டுக்குப் போகிற வகை வேறு, அது இங்கே வேலைக்கு ஆகாது. கடையில் எது கம்ப்யூட்டர் பக்கம், எது மானிட்டர் பக்கம் என்று சொல்லிக் கேளுங்கள். உங்கள் பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது என்றால் வெறும் கேபிள் போதாது, உள்ளே சில்லு வைத்து மாற்றுகிற ஆக்டிவ் அடாப்டர் வேண்டும். கார்டின் டிவிஐயில் விஜிஏ மாற்றி ஒன்றைச் செருகலாம் என்பார்கள். தட்டையான பின்னைச் சுற்றி நான்கு சின்ன ஓட்டைகள் இல்லாத டிவிஐ என்றால் அது நுழையாது, விஜிஏ சிக்னலும் அதில் வராது. இப்போதைய கார்டுகளில் டிவிஐ இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான்.

கேபிள் மாற்றிய அடுத்த நிமிடமே தெரிந்தது. ஷீட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஊஞ்சல் மாதிரி ஆட்டினேன். கறுக்கவில்லை. எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. அப்புறம் பயாஸுக்குள் போய் அந்த ஐஜிபியு மல்டி மானிட்டரை நானே அணைத்தேன். வரிசை முக்கியம்: முதலில் கேபிள், பிறகு பயாஸ். மாற்றிச் செய்தால் மதர்போர்டில் மாட்டிய மானிட்டர் இருண்டு, நடுங்கிப்போவீர்கள். வீடியோ எடிட்டிங்கும் செய்கிறவர்கள் இதை அணைக்க அவசரப்பட வேண்டாம். வீடியோவை வேகமாக மாற்றித்தர இன்டெல் பிராசசருக்குள் இருக்கிற அந்தச் சின்ன கிராபிக்ஸைச் சில மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன, அணைத்தால் அந்த வேகம் போய்விடும். அவர்கள் கேபிளை மட்டும் கார்டுக்கு மாற்றிவிட்டு, விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, அதற்குள் கிராபிக்ஸ் என்று போய், எடிட்டிங் மென்பொருளைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று வைத்துவிட்டால் போதும். இடையில் ஒரு வேடிக்கை. இன்டெல் பிராசசர் எண்ணின் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸே கிடையாது. சிஸ்டம் போட்டபோது கடைக்காரர் கொஞ்சம் விலை குறைவான எஃப் மாடலைத்தான் காட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று கூடக் காசு கொடுத்து எஃப் இல்லாததை வாங்கியது நான்தான். அன்றைக்கு மிச்சம் பிடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

லேப்டாப்காரர்களுக்கும் இதே வினை வரும், அவர்களுக்குக் கேபிளை மாற்ற இடமும் இருக்காது. லேப்டாப் திரை உள் கிராபிக்ஸிலும், பக்கத்தில் இருக்கிற எச்டிஎம்ஐ வாய் தனிக் கார்டிலும் இணைந்திருக்கிற மாடல்கள் உண்டு. அட்வான்ஸ்டு டிஸ்பிளேவில் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் எடிட்டிங் நேரத்தில் லேப்டாப் திரையை அணைத்துவிட்டு வெளி மானிட்டரை மட்டும் வைத்துக்கொள்வது ஒரு வழி. சில மாடல்களில் பயாஸில் தனிக் கார்டு மட்டும் என்று வைக்கவும் இடமுண்டு. யுஎஸ்பியில் செருகி மானிட்டர் எடுக்கிற மலிவு மாற்றிகளை மட்டும் இந்த வேலைக்கு வாங்காதீர்கள். அவற்றில் பல படத்தைப் பிராசசரை வைத்துச் சுருக்கி யுஎஸ்பி வழியாக அனுப்புகிறவை, மெயில் பார்க்கச் சரி.

எல்லாம் சரியான பிறகு ஒரு குட்டிப் பூதம் மிச்சமிருந்தது. பெரிய மானிட்டரில் மணப்பெண் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்தாள், அதுவும் எடிட்டிங் மென்பொருளில் மட்டும். பிரவுசரில் திறந்தால் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மறுபடி கார்டா என்று வயிறு கலங்கியது. கார்டு இல்லை. மானிட்டருக்கென்று தானாக வந்து உட்கார்ந்த கலர் புரொஃபைல், அதாவது அந்த மானிட்டர் கலரை எப்படிக் காட்டும் என்கிற குறிப்பு, சரியில்லை. விண்டோஸின் கலர் மேனேஜ்மென்டில் அந்த மானிட்டரைத் தேர்ந்தெடுத்து பொதுவான எஸ்ஆர்ஜிபி புரொஃபைலைப் போட்டதும் மஞ்சள் இறங்கியது. கலர் அளக்கிற கருவி வைத்திருக்கிறவர்கள் அதைக் கொண்டு அளந்து போடுவதுதான் முறை. நான் இன்னும் வாங்கவில்லை, லேபில் இருந்து ஒரு சோதனை ஷீட் அச்சடித்து வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்கிறேன்.

கணக்கு: ரேம் 2,100, சர்வீஸ் ஆள் வந்து போனது இரண்டு தடவை 600, ஃபார்மட் 700, தாமதமான ஆல்பத்தில் அண்ணன் பிடித்துக்கொண்டது 1,500, கைவிட்டுப் போன 40 ஷீட்டுக்கு 3,600. மொத்தம் 8,500 ரூபாய். எழுத்துருக்களுக்கு விலை போடத் தெரியவில்லை. ரேம் மட்டும் உள்ளேயே இருக்கிறது, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

போன மாதம் யுபிஎஸ் பேட்டரி மாற்ற அந்தத் தம்பி வந்தான். மேஜைக்குக் கீழே குனிந்தவன், “அக்கா, அந்த ஊதா கேபிளு எங்கக்கா? சும்மாதான் கெடக்குதுன்னா நான் எடுத்துக்கட்டா, ஒருத்தங்களுக்கு ரெண்டாவது மானிட்டர் மாட்டணும்” என்றான். டிராயரைத் திறந்து சுருட்டிவைத்திருந்ததை எடுத்தேன். “அவங்க சிஸ்டத்துல கிராபிக்ஸ் கார்டு இருக்கா தம்பி?” என்று கேட்டேன். “இருக்குக்கா, நல்ல கார்டு.”

கேபிளைத் திரும்ப டிராயருக்குள் போட்டு மூடிவிட்டு, “உக்காரு, காபி போடறேன், கொஞ்சம் பேசணும்” என்றேன்.